மரியசூசை ஃபிட்டரும் துரையின் தூண்டில் ராட்டையும்

செய்தியைக் கொண்டுவந்தவர் பஸ் டிரைவர் காசிம் பாய். பொந்தியான் பஸ் ஆபீசில் நான் காலை வண்டிக்கு டிக்கெட் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் இன்ஜினை நிறுத்தாமலே இறங்கி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கிராணி, யோங் பெங் தோட்டத்து ஃபிட்டரு மௌத்தாப் போயிட்டாரு. முந்தாநாள் அடக்கமும் ஆயிடுச்சாம். உங்ககிட்ட மறக்காம சொல்லணும்னு லயத்து வீடுகள்ல சொல்லி விட்டாங்க." சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் டிக்கெட்டைப் பிரித்தபடியே இருந்தேன். அன்று பாதிப் பேருக்கு வேறு ஊர் டிக்கெட் போயிருக்கிறது என்று மாலையில்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் அந்தத் தோட்டத்து ராயப்பனிடமிருந்து கடிதம் வந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்தபிறகு ஃபிட்டரைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக்கொண்டு வந்து வாசிக்க வேண்டுமாம். "நீங்க எழுதினாத்தான் சரியா இருக்கும். துரை முன்னால நீங்க ரெண்டு பேரும் நின்னதுனாலதான் நாங்க இன்னிக்கி இங்க இருக்கோம்" என்று எழுதியிருந்தான். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மூன்று நாள் அதை வெளியே எடுக்கவில்லை. ஏன் என்பதை இனி எழுதப்போவதிலிருந்து தெரிந்துகொள்வீர்கள்.

மரியசூசையை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஃபாக்டரியின் இன்ஜினும் உருளை மிஷின்களும் இருபது வருஷம் அவர் கையில் இருந்தன. கோவிலில் அவர் பாட ஆரம்பித்தால் சாமியாரே ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்ப்பார். அப்படி ஒரு குரல், அப்படி ஒரு தைரியம். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தால் பிடிக்காது. ஒருமுறை ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி போய் "இன்னும் எவ்வளவு நேரம் ஃபிட்டர்?" என்று மூன்றாவது தடவை கேட்டதற்கு, கையிலிருந்த ஸ்பானரை அவரிடமே நீட்டி, "நீங்க ஆரம்பிச்சு வைங்க, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்றவர் அவர். பெரிய கிராணி அதற்குப் பிறகு இன்ஜின் அறைப் பக்கம் போகவே இல்லை.

மலாயா முழுக்க ரப்பர் விலை விழுந்து கிடந்த காலத்தில் நான் அங்கே சின்னக் கிராணி. ஸ்டோர் சாவி என் இடுப்பில் இருந்தது. புதுத் துரை வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. தமிழில் "வா", "போ" என்ற இரண்டுக்கு மேல் அவருக்கு வராது. ஆகவே தொழிலாளிகளோடு அவர் பேசுவதெல்லாம் என் வாய் வழியாகத்தான் நடந்தது. தோட்டத்தில் ஆள் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சிங்கப்பூருக்கு லாரியில் ஏற்றி, அங்கிருந்து கப்பலில் ஊருக்குத் திருப்பி அனுப்பும் பட்டியலை வாரம் ஒருமுறை நான் டைப் அடிப்பேன். யார் பெயர் வரும் என்று எவருக்கும் தெரியாது. நான் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தால் ஆபீஸ் வாசலில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த அமைதி எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இதைச் சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

ராயப்பன் அப்போது பங்களா வேலையாள். துரைக்குப் பித்தளைச் சாமான் பைத்தியம். மணி, விளக்கு, தட்டு, கதவுப் பிடி என்று வீடு முழுக்கப் பித்தளை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ராயப்பனின் விரல்களெல்லாம் வெடித்துப் போயிருந்தன. ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துலயும் புளியாடா?" என்று கேலி செய்தேன். ரப்பர் பால் உறையாமல் இருக்க ஊற்றும் அமோனியாவில் கால் போத்தல் எடுத்துக் கொடுத்தேன். ஃபாக்டரியில் அதைப் பால் மருந்து என்போம். தண்ணீரில் கலந்து ஊறப்போட்டால் அழுக்கு தானே கழன்றுவிடும் என்று பெரிய விஞ்ஞானிபோலச் சொன்னேன். துரை கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஸ்டோரிலிருந்து ஓர் ஆணி வெளியே போனாலும் வேலை போய்விடும் காலம் அது. "யாருகிட்டயும் சொல்லிடாத" என்றேன். ராயப்பன் தலையாட்டினான்.

துரையிடம் ஒரு தூண்டில் ராட்டை இருந்தது. உள்ளங்கை அகலத்தில் பித்தளைச் சக்கரம். நூலைச் சுற்றுவதற்கு ஒரு பக்கம் வளைந்த பித்தளைக் கை, அதன் நுனியில் கொம்பில் கடைந்த குமிழ். அவருடைய அப்பா வைத்திருந்தது. துரை புழு குத்த மாட்டார். முள்ளில் இறகைக் கட்டிப் பூச்சிபோல் செய்து ஆற்றில் வீசுவார். "எறகத் திங்கிற மீனு எந்த ஊருல இருக்கு?" என்று லயத்தில் சிரிப்பார்கள். ஆனால் அந்த ராட்டையைத் துரை குழந்தையைத் தூக்குவதுபோலத்தான் தூக்குவார். ராயப்பன் அதையும் என் மருந்தில் ஊறப்போட்டுத் துடைத்து வைத்தான். தங்கம்போலப் பளபளத்ததாம். சில நாள் கழித்துத் துரை அதில் நூல் சுற்ற உட்கார்ந்தபோது, வளைந்த கை குமிழோடு சேர்ந்து அவர் விரலில் கழன்று வந்துவிட்டது.

ராயப்பன் அதைக் கீழே போட்டு உடைத்துவிட்டு மறைக்கிறான் என்று துரை முடிவு கட்டினார். "கீழ போடல தொர" என்று அவன் அழுதான். எதை வைத்துத் துலக்கினாய் என்று கேட்டதற்கு, எப்போதும்போலப் புளிதான் என்றான். எனக்காக அவன் சொன்ன பொய் அது. துரை உடைந்த பொருளைக்கூட மன்னித்திருப்பார். பொய் சொல்கிறவன் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்பது அவர் பிடிவாதம். சனிக்கிழமை மேலிடத்திலிருந்து ஒரு பெரிய துரை வருகிறார், இருவரும் மீன்பிடிக்கப் போகிறார்கள், அதற்குள் ராட்டை சரியாக வேண்டும் என்று திங்கட்கிழமை காலை மரியசூசையை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ராயப்பனை வெளியே மரத்தடியில் நிற்கச் சொல்லியிருந்தார்.

ஃபிட்டர் வாசலில் கையைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். உடைந்த கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். நான் மேஜைமேலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன். கீழே விழுந்துதான் உடைந்ததா என்று கேட்கச் சொன்னார் துரை. நான் கேட்டேன்.

"விழுந்தது இல்ல" என்றார் மரியசூசை. "விழுந்திருந்தா வளைஞ்சிருக்கும், அடிபட்ட தழும்பு இருக்கும். பித்தளை சும்மா ஒடையாது கிராணி, வளையும். இது வளையவே இல்ல. தானா வெடிச்சிருக்கு. பால் மருந்து பட்ட பித்தளை இப்பிடித்தான் வெடிக்கும். தொரைகிட்ட சொல்லுங்க."

துரை என் முகத்தைப் பார்த்தார். ஃபிட்டரும் பார்த்தார். வெளியே மரத்தடியில் ராயப்பனும் ஜன்னல் வழியாக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். நான் துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "பழைய பித்தளை என்கிறார், ஐயா. விழுந்ததா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லையாம். வெள்ளிக்கிழமைக்குள் புதுக் கை செய்து தருகிறாராம்."

இதுதான் நான் செய்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் எவருக்கும் இதுவரை தெரியாது. துரை தலையசைத்தார். சனிக்கிழமை லாரி ஏறும் பட்டியலில் ராயப்பன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். மரியசூசை ராட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். நான் உட்கார்ந்து டைப் அடித்தேன். ராயப்பன், மனைவி ஞானம்மா. ஞானம்மாவுக்கு அப்போது எட்டாவது மாதம்.

செவ்வாய்க்கிழமை இன்ஜின் அறைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பழைய பம்பிலிருந்து கழற்றிய ஒரு பித்தளைத் தகட்டை அவர் வைஸ் இடுக்கியில் இறுக்கிப் பிடித்து அறுத்துக்கொண்டிருந்தார். உடைந்த கையையே ஈயம் வைத்து ஒட்டிவிடக்கூடாதா என்று கேட்டேன். "ஒட்டலாம். நாளைக்குப் பக்கத்துல வெடிக்கும். உள்ளுக்குள்ள கெட்டுப்போச்சு" என்றார். அறுத்த துண்டைக் கரியடுப்பில் சிவக்கக் காயவைத்து அப்படியே ஆறவிட்டார். அடித்து வளைத்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் நிற்குமாம். அது போனபிறகுதான் அராவ வேண்டுமாம். ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார்: "மருந்துப் பீப்பாயோட பித்தளக் கொழாய் வெடிச்சு, இரும்புக் கொழாய் மாட்டினோமே, ஞாபகம் இருக்கா கிராணி?"

இருந்தது. அந்த இரும்புக் குழாய்க்குச் சீட்டு எழுதியவனே நான்தான்; ராயப்பனுக்கு மருந்தைக் கொடுத்தபோது அது நினைவுக்கு வரவில்லை. "இருக்கு" என்றேன். அவர் "ம்" என்று சொல்லி அரத்தை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன்.

புதன்கிழமை ஞானம்மா என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கோழிகளைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தாள். கப்பலில் கோழி கொண்டுபோக விடமாட்டார்களாம். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, கப்பல்ல மருத்துவச்சி இருப்பாங்களா?" என்று கேட்டாள். நான் தெரியாது என்றேன். "நீங்க தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கண்ணே. எங்க வீட்டுக்காரரு பொய் சொல்ற ஆளு இல்ல, உங்களுக்குத் தெரியுமே" என்றாள். சொல்லிப் பார்க்கிறேன் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.  அன்றும் வாய் திறக்கவில்லை. என் வேலை போனால் நாங்களும் அதே கப்பலில்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மனசு இப்படிப்பட்ட சமயத்தில் எவ்வளவு நியாயம் பேசும் தெரியுமா!

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மரியசூசை ஆளனுப்பினார். ஆபீசில் கடித நகல் எடுக்கும் மெல்லிய தாளில் ஒரு துண்டு வேண்டுமாம். நானே எடுத்துக்கொண்டு போனேன். புதுக் கை தயாராக இருந்தது. ராட்டையின் அச்சு சதுரம். அதற்கு ஏற்ற சதுர ஓட்டையை ஊசி அரத்தால் ஒன்றரை நாள் அராவியிருந்தார். கை அதில் போய் உட்கார்ந்தபோது இம்மியளவும் ஆடவில்லை. இனிக் கொம்புக் குமிழைக் கையோடு பொருத்த வேண்டும். குமிழ் நடுவே எஃகுக் கம்பியைச் செருகி, அதன் நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பூவாக விரிக்க வேண்டும். தட்டு குறைந்தால் குமிழ் கழன்றுவிடும். கூடினால் சுற்றாமல் இறுகிப்போகும், இல்லையென்றால் கொம்பு பிளந்துவிடும். அந்தக் கொம்புக்கு மாற்று இந்த நாட்டிலேயே கிடையாது.

நகல் தாளைக் குமிழுக்கும் பித்தளைக்கும் நடுவே வைத்தார். தட்டி முடித்தபிறகு எண்ணெய் விட்டுச் சுற்றினால் தாள் நைந்து வெளியே வந்துவிடும். தாளின் கனம்தான் குமிழ் சுற்றுவதற்கான இடைவெளி. "இத அசையாமப் பிடிங்க" என்று என்னிடம் கொடுத்தார். பிடித்தேன். சுத்தியலை ஓங்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"கை நடுங்குது கிராணி."

"இல்ல, பிடிச்சிருக்கேன்."

"நடுங்குற கையோட இதப் பிடிக்க வேணாம். வைஸே பிடிக்கட்டும். நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க."

தள்ளி நின்று பார்த்தேன். ஒரு தட்டு, பிறகு காதருகே வைத்துச் சுற்றிப் பார்ப்பார்; இன்னொரு தட்டு. இருபது தட்டு இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் கொம்பு பிளக்கும் சத்தத்தை நான் எதிர்பார்த்தேன். பிளந்துவிட்டால், ராட்டை சரியாகித் துரை இளகுவார் என்று ராயப்பனுக்கு இருக்கும் கடைசி வழியும் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். பிளந்துவிட்டால் எல்லாம் அந்த உடைசலோடு முடிந்துவிடுமே, நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காதே என்ற ஆசையும் ஒரு பக்கம் இருந்தது. பிளக்கவில்லை. எண்ணெய் விட்டுச் சுற்றினார். குமிழ் சத்தமில்லாமல் சுற்றியது.

வெள்ளிக்கிழமை மாலை ஆபீசில் ராட்டையைத் துரையின் மேஜைமேல் வைத்தோம். துரை சுற்றிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை சுற்றினார். அவர் அப்பா அதைச் சுற்றிய சத்தம் கேட்டதோ என்னவோ, முகம் இளகிப்போயிற்று. மிக நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். மரியசூசை நகரவில்லை.

"கிராணி, தொரைகிட்ட ஒண்ணு சொல்லணும். திங்கக்கெழம சொன்னதத்தான் சொல்றேன். இது விழுந்து ஒடையல. பால் மருந்து பட்டு வெடிச்சது. திருப்பிச் சொல்லுங்க."

சாதாரணக் குரலில்தான் சொன்னார். என்னை மிரட்டவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார். அந்தக் கடிகாரத்தின் சத்தம் எனக்கு இன்றும் பிடிப்பதில்லை. வேறு எதையாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது உண்மைதான். விழவில்லை, ஐயா, அமோனியா பட்டதால் விரிசல் விட்டிருக்கிறது என்றேன்.

துரை நாற்காலியில் நிமிர்ந்தார். பங்களாவுக்கு அமோனியா எப்படிப் போயிற்று என்று கேட்டார்.

"என்ன கேக்குறாரு?" என்றார் மரியசூசை.

அதை நான் அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "மருந்து பங்களாவுக்கு எப்பிடிப் போச்சுன்னு கேக்குறாரு."

"அது எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுங்க" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் எனக்காகக் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தார். ஏன் விடவில்லை என்று எனக்கே தெரியாது. "நான்தான் கொடுத்தேன், ஐயா. சீட்டு இல்லாமல் கொடுத்தேன். ராயப்பன் எனக்காகத்தான் புளி என்று சொன்னான்" என்று சொல்லிச் சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். பட்டியலிலிருந்து அவர்கள் பெயர் நீக்கப்பட்டது. எனக்கு வேலை போயிற்று, ஆனால் கப்பலில் ஏற்றவில்லை. திங்கட்கிழமை நாங்கள் கிளம்பியபோது லயமே திரண்டு வந்து வழியனுப்பியது. தன் சோற்றை விட்டுக்கொடுத்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய கிராணி என்று என்னைச் சொன்னீர்கள். ராயப்பன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். அடுத்த மாதம் பிறந்த பிள்ளையின் ஞானஸ்நானத்தில் என்னையே ஞானத்தகப்பனாக நிற்க வைத்தார்கள். நானும் நின்றேன்.

அன்று என் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வந்தவர் மரியசூசை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு இங்கிலீசு நாலு வார்த்ததான் தெரியும் கிராணி. பாய்லர் பாக்க வர்ற வெள்ளக்காரன் வாயில மொதல்ல வர்றது விரிசலுக்குச் சொல்ற 'கிராக்'குங்கிற வார்த்த. திங்கக்கெழம உங்க வாயில அது வரல. வெள்ளிக்கெழம வந்துச்சு."

நான் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். "அன்னிக்கே நீங்களே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருக்கலாம். உங்களுக்கு வெள்ளி வரைக்கும் நேரம் இருந்துச்சே."

"நான் கடைசி வரைக்கும் சொல்லாம இருந்திருந்தா?"

"எனக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தைய வெச்சு நானே சொல்லியிருப்பேன். அந்தப் புள்ளத்தாச்சிய லாரியில ஏத்த விட்டிருப்பேனா?" பஸ் வரும் பக்கம் பார்த்தார். பிறகு, "ஆனா அந்தப் பொண்ணு நாலு நாளு அழுதிச்சு பாருங்க, அதுல எனக்கும் பங்கு இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு எட்டு வருஷத்தில் எத்தனை கல்யாணம், எத்தனை திருநாள் என்று நாங்கள் சந்தித்துக்கொண்டோம். நீங்கள் என்னைப் புகழும்போதெல்லாம் அவர் பக்கத்தில்தான் இருந்தார். ஒரு முகக்குறியால்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சொல்வதாக இருந்தால் அது நானே சொல்ல வேண்டியது என்று நினைத்திருப்பார். நான் சொல்வேன் என்று இத்தனை வருஷமும் காத்திருந்தாரோ என்று இப்போது நினைக்கும்போதுதான் நெஞ்சு வலிக்கிறது. அவர் உயிரோடு இருந்தவரை எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

ராயப்பா, ஞானம்மா, என் ஞானப்பிள்ளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவனும் கேட்கட்டும். மரியசூசை ஃபிட்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நான்கு நாட்கள்தான். நான் மனிதனாவதற்கு அவர் கொடுத்த நாட்கள் அவை. அவற்றை அவர் எடுத்துக் கொடுத்தது உங்கள் வீட்டிலிருந்து, நீங்கள் அழுத நாட்களிலிருந்து. அதை உங்களிடம் சொல்ல எனக்கு எட்டு வருஷமும் அவருடைய சாவும் தேவைப்பட்டன. என்னை மன்னியுங்கள்.